ஆவுடைத்தாய்க்கு அரசு மரியாதை

தச்சநல்லூர் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றபோது சித்ரலேகா தன் அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். வில்லிசைக் கலைஞர் ஆவுடைத்தாய்க்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு என்று காலையிலேயே டிவியில் சொல்லிவிட்டார்கள். தெருமுனையில் அதற்குள் அஞ்சலித் தட்டி கட்டியிருந்தார்கள். வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, வீசுகோலை ஓங்கியபடி அம்மா சிரிக்கும் படம்.

பெரியப்பா ஐயம்பெருமாளும் வந்திருந்தார். தம்பி பெண்டாட்டி கோயில் கொடை விழாக்களில் மேடையேறிப் பாடுகிறாள் என்று பல வருடங்களாக இந்த வீட்டுப் படி ஏறாதவர். தம்பி செத்தபோதுகூடத் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போனவர். இன்று தாசில்தாரிடம், "எங்க குடும்பத்துப் பிள்ள சார். ஊருக்கே பெரும" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்ரலேகாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், இதைக் கேட்க அம்மா இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

அம்மாவின் மேல் தேசியக்கொடியைப் போர்த்தினார்கள்.

"சிதையில வைக்கிறதுக்கு முன்னால கொடிய மடிச்சுக் கொடுப்போம். யாரு வாங்குதீங்க?" என்றார் தாசில்தார்.

பெரியப்பா முன்னால் வந்தார். "நான்தான்."

"நான் வாங்குதேன் சார்" என்றாள் சித்ரலேகா.

"ஏட்டி, பொம்பளைக சுடுகாட்டுக்கு வரப்படாது. நம்மள்ல வழக்கமில்ல."

அம்மாவுக்குப் பின்பாட்டுப் பாடி உரமேறிய குரல் அவளுடையது. நடுங்கவில்லை.

"சுடலைமாடன் கொடையில, விடிய விடிய சுடுகாட்டு வாசல்ல உக்காந்து பாடினவ எங்கம்ம. இன்னைக்கு அவ பின்னால நான் வரப்படாதா பெரியப்பா?"

பெரியப்பா சற்றுநேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "பைய நட, தாயி. வெயிலு" என்று ஒதுங்கி நின்றார்.

ஆற்றங்கரைச் சுடுகாட்டில் போலீசார் துப்பாக்கிகளை வானத்துக்கு உயர்த்தினார்கள். முதல் வெடிச் சத்தத்தில் மருதமரங்களிலிருந்து கொக்குகள் கிளம்பின. மடித்த கொடியைச் சித்ரலேகா இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை முட்டியது. அதற்கும் மேலே, இவள் என் அம்ம என்று அக்கரைக்குக் கேட்கும்படி கத்தவேண்டும்போல இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஊர்வலத்தோடு வந்த பெண்கள் மயான வாசலோடு நின்றிருந்தார்கள். எதிர்வீட்டுப் பாத்து அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விலகி வழிவிட்டார். செருப்புகளை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, சுடுமணலில் ஒவ்வொருத்தியாகக் காலெடுத்து வைத்தார்கள்.