துணுக்காய்ப் பாஸ்டர்

மரண அறிவித்தலைச் சாமுவேல் பாஸ்டர் முரசுமோட்டைச் சந்தியில், மின்கம்பத்தில் ஒட்டியிருக்கத்தான் பார்த்தார். செத்தவீட்டுக்கென்று வந்து பஸ்ஸால் இறங்கியவர் அதன் முன் நின்று இரண்டு தரம் வாசித்தார்.

'காலஞ்சென்ற நாகேஸ்வரியின் அன்புக் கணவரும், செந்தூரனின் பாசமிகு தந்தையும், கிருசாந்தியின் அன்பு மாமனாரும், பேரப்பிள்ளைகளின் ஆசைப் பாட்டனாருமாவார்.'

பாஸ்டருடைய பெயர் அதில் இல்லை. இறந்த அப்புத்துரைக்கு மூத்த மகன் அவர்.

ஞானஸ்நானம் எடுக்கும்வரை அவர் விஜிதரன். அதன் பிறகு சாமுவேல். துணுக்காயில் தகரக் கொட்டிலில் சபை தொடங்கியபின் அந்தப் பெயரும் தேவைப்படவில்லை. கடைக்காரர், பொலிஸ், கிராம சேவையாளர் எல்லாருக்கும் அவர் பாஸ்டர். கலியாணம் செய்யவில்லை. விஜி என்று கூப்பிட அப்பு மட்டும் இருந்தார். மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில், "விஜி, சாப்பிட்டியோ?" என்பார். அவ்வளவுதான் கதை.

செத்தவீட்டுப் பந்தலுக்குள் அவர் நுழைந்ததும் செந்தூரன் எழுந்து வந்தான். வெறும் மேல், நாலுமுழ வேட்டி, மழித்த மீசை. முன்வரிசையில் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டான்.

"வாங்கோ பாஸ்டர். இதில இருங்கோ."

கைகொடுத்துவிட்டுப் போய்விட்டான். பின்னால் இரண்டு கிழவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆரடாப்பா இவர்?"

"துணுக்காய்ப் பாஸ்டராம்."

"அப்புத்துரை கடைசி நேரத்தில கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டானோ?"

"சும்மா இரு. அவனாவது மாறுறதாவது! பிள்ளையார் கோயில் அவலுக்கே நாலு தரம் வரிசையில நிண்டவன்."

பாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி, 'நான் அவரின்ர மூத்தவன்' என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு மனிசி வந்து முழங்கால் வலிக்கு ஜெபம் செய்யச் சொன்னா. செய்தார்.

குருக்கள் கிரியையை முடித்தார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். பெட்டியைத் தூக்கும்போது கால்மாட்டில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. பாஸ்டர் எழுந்து போய் அதில் கை வைத்தார்.

"நீங்கள் கரைச்சல்படாதைங்கோ பாஸ்டர்," என்றான் செந்தூரன். பக்கத்து வீட்டு வினோதன் வந்து அந்த இடத்தைப் பிடித்தான்.

சுடலைக்குப் போகும் வழியில் அவர் தம்பியோடு ஒட்டி நடந்தார்.

"நோட்டீசில என்ர பேர் இல்லை."

செந்தூரன் கொள்ளிச்சட்டியைப் பார்த்தபடியே நடந்தான். "பாஸ்டர் எண்டு போட்டால் குருக்கள் என்ன நினைப்பாரோ எண்டு இருந்தது. விஜிதரன் எண்டு போட்டால் நீங்கள் கோவிப்பியள். அச்சுக்கூடத்தில அரைமணித்தியாலம் நிண்டனான்."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. போர் முடிந்து மீள்குடியேறிய அடுத்த வருசம், சபையின் முதல் ஆராதனைக்கு அவன் முரசுமோட்டையிலிருந்து சைக்கிளில் ஒரு மூட்டை அரிசி கட்டிக்கொண்டு போனான். வேலிப் படலையில் நின்று, "அண்ணை! அண்ணை!" என்று கத்தினான். புதிதாக வந்திருந்த பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெளியே வந்து, "இஞ்ச ஆக்களுக்கு முன்னால பாஸ்டர் எண்டு சொல்லு, செந்தூரன்," என்றார். அவன் தலையாட்டினான். அன்றைக்குப் பிறகு ஆட்கள் இல்லாத இடத்திலும் அவன் அண்ணை என்று சொன்னதில்லை.

சிதையைச் சுற்றிச் செந்தூரன் மூன்று முறை வந்தான். தோளில் இருந்த குடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் ஒரு கொத்து விழுந்தது. குடத்தை உடைத்து, பின்புறமாகக் கொள்ளியை வைத்தான். கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் நேரே சுடலைப் படலையை நோக்கி நடந்தான்.

பாஸ்டர் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மணல் சுட்டது. மற்றவர்கள் இன்னும் சிதையடியில் நின்றார்கள். இவர்கள் பேசுவதைக் கேட்க இங்கே யாருமில்லை.

"தம்பி," என்றார்.

செந்தூரனின் நடை தளர்ந்தது. முதுகில் குடத்துத் தண்ணீர் இன்னும் காயவில்லை. திரும்பாமலே நின்றான்.

"சொல்லுங்கோ பாஸ்டர்."

"ஒண்டுமில்லை," என்றார் அவர். "நட."