உள்ளே திருப்பிய கல்

எப்பிக்கு வலது தோள் காலையிலிருந்தே கழன்று விழுகிற மாதிரி வலித்தது. தொழுவ வாசலின் மேற்கல் உறைபனியில் வெடித்துவிட்டது. பாழடைந்த தேவாலய மேட்டிலிருந்து வேறொரு நீளக்கல்லை அவளும் புருஷன் அலிக்குமாக விடியுமுன் இழுத்து வந்திருந்தார்கள். மாடுகள் வெளியே ஆங்கஸ் மலைக்காற்றில் நின்று கத்தின.

"செதுக்கின பக்கம் உள்ள போகட்டும்," என்றான் அலிக். "எஜமானோட காரியஸ்தன் கண்ணுல படக்கூடாது."

"மாடு படிச்சுட்டா?" தொழுவத்துக்குள்ளிருந்து சிரித்தான், உதவிக்கு வந்த பக்கத்துப் பண்ணை மர்டோ.

எப்பி வெளியே, மர்டோ உள்ளே, ஆளுக்கொரு கடப்பாரை. இருவரும் நெம்ப, அலிக் கல்லுக்கடியில் சில்லு சொருகுவான். இடுப்புயரம் வந்தாயிற்று. மர்டோவின் கடப்பாரை உரசி, கல்லில் அப்பியிருந்த சேறு பெயர்ந்தது. அவன் சிரிப்பு நின்றது. பிடியும் தளர்ந்தது.

கல் இறங்கியது. அலிக்கின் கை அடியில்.

அவன் அலறினான். எப்பி தன் கடப்பாரையின் மேல் வயிற்றைப் போட்டுத் தொங்கினாள். கல் மேலும் இறங்கவில்லை, ஏறவுமில்லை.

"மர்டோ, தூக்குடா!"

"மண்டையோடு செதுக்கியிருக்கு. கீழ கத்தரிக்கோல். எங்க தாத்தா தையக்காரரு. எங்கப்பன் சாகறவரைக்கும் தேடின அவரு கல்லறைக்கல்லு இது."

"சத்தியமா தெரியாதுடா!"

"தெரியாமலா உள்ள திருப்பச் சொன்னீங்க?"

ஈரக்கையில் இரும்பு வழுக்கியது. அந்தக் கை போனால் ஏர் பிடிக்க ஆளில்லை; ஏர் நின்றால் குத்தகை போய்விடும், இந்தப் பனியில் தெருவில் நிற்க வேண்டியதுதான். அலிக் இப்போது கத்தவுமில்லை.

"திருப்பிக் குடுத்துடறோம். நானே இழுத்துட்டு வந்து நடறேன். தூக்குடா!"

"எப்போ?"

"பனி உருகட்டும். வேற கல்லு பார்த்துடறோம்."

மர்டோ குனிந்து கடப்பாரையை எடுத்து நெம்பினான். கை வெளியே வந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தன, மற்றவை அசைந்தன.

"மாடு குளிர்ல வெறைக்குது," என்றான் மர்டோ. "ஏத்தி வைங்க." கூட நின்று அவனே ஏற்றியும் கொடுத்தான்.

பனி இரண்டு முறை உருகிவிட்டது. பால் கறக்கப் போகிற எப்பி அந்த வாசலில் தலை நிமிர்வதில்லை. சந்தையில் பார்த்தால் மர்டோ தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிறான். வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்தாலாவது இந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

மர்டோவின் தாத்தாவுக்கு ஒரு கல்லறைக் கல் பாக்கி.