எழுபதாவது எழுத்து

அந்தக் கண் மருத்துவமனை வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அக்காதான். அங்கே வரவேற்பு மேசையில் பதினோரு வருடமாக இருக்கிறாள். நோயாளிகளுக்குத் தினமும் ஒவ்வொன்றாகக் குறுஞ்செய்தி அனுப்பி அலுத்துப்போய், "என் தம்பி இதெல்லாம் கம்ப்யூட்டரே செய்யற மாதிரி எழுதிக் குடுப்பான் சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டாள்.

சின்ன வேலைதான். அக்கா தட்டச்சு செய்யும் செய்திகள் ஒரு பட்டியலாக வரும். ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியில் எழுபது எழுத்துதான் கொள்ளும். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனி எழுத்தாகக் கணக்கு. அதனால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் எழுபது எழுபதாக நறுக்கி, துண்டுகளை வரிசையாக அனுப்பும்படி நிரல் எழுதினேன். சோதித்துப் பார்த்தபோது என் போனில் துண்டுகள் வந்து குவிந்தன. தொல்லை தாங்காமல், முதல் துண்டு மட்டும் போனால் போதும் என்று ஒரு வரியை மாற்றினேன். அதைத் திரும்பச் சரிசெய்ய மறந்துபோனேன். மூன்று வாரம் எதுவும் வெளியே தெரியவில்லை. அக்கா சிக்கனமாக எழுதுகிறவள்.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் அவசரமாக வெளியூர் கிளம்பினார். அக்கா எழுதினாள்: "வணக்கம். கண் மருத்துவமனையிலிருந்து. நாளை காலை கண் பரிசோதனைக்கு வர வேண்டாம். டாக்டர் ஊரில் இல்லை."

எழுபதாவது எழுத்து, "வேண்" என்பதன் கடைசிப் புள்ளி. செய்தி அங்கேயே நின்றுவிட்டது. பாதியில் நிற்கும் 'வர வேண்' என்பதை யார்தான் வேண்டாம் என்று படிப்பார்கள்? வெள்ளிக்கிழமை காலை நாற்பத்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள்.

ஒன்பதரைக்கு மேனேஜர் எனக்குப் போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல். "உங்க அக்கா பாதி டைப் பண்ணிட்டு அனுப்பிட்டாங்க போல. உங்க பக்கம் ஒண்ணும் இல்லையே?"

அவர் கேட்கும்போதே நிரலைத் திறந்துவிட்டேன். அந்த வரி என் முகத்துக்கு நேராக இருந்தது.

"பாக்கறேன் சார்," என்றேன்.

போனை வைத்தேன். வரியைத் திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. எல்லாருக்கும் முன்னால் மேனேஜர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். வந்த ஒவ்வொருவருக்கும் அவளே போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

"உன் பக்கம் ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இன்னும் பாக்கல அக்கா."

"சரி. பாத்துட்டுச் சொல்லு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் காலை நேராக மேனேஜர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவரோ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்படியா? மெஷின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். இனிமே பாத்துக்கோங்க," என்றார். அதோடு விட்டுவிட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

"அக்காகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் சார்."

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்."

வரவேற்பு மேசைக்கு வந்தேன். அக்காவிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவளே முடித்து வைத்தாள்.

"நான் முழுசாத்தான் அனுப்பினேன். கம்ப்யூட்டர்ல இன்னும் அப்படியே இருக்கு. அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் மேனேஜர்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். நாற்பத்து மூன்று எண்கள். பேசி முடித்த இருபத்தொன்பதில் கோடு போட்டிருந்தாள். மேசைத் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினாள்.

கோடு போடாத முதல் எண் ஒரு பெரியவருடையது. மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டி வந்திருந்தாளாம்.

"அந்த மெசேஜ் தப்பாப் போனது என்னாலதான் ஐயா. இங்க இருக்கறவங்க மேல தப்பு இல்ல," என்றேன்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுப்பா," என்றார்.

வரிசையில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காது சுட்டது. மறுபடியும், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அக்கா அடுத்தவரின் சீட்டை வாங்கிப் பதிந்துகொண்டிருந்தாள்.