கமலம்மாவுக்குக் காட்ட வேண்டியது

கத்தியைக் கையில் எடுத்த பிறகு பயப்படுகிற டாக்டர் உருப்பட மாட்டான் என்பார்கள். அன்றைக்கு நான் பயந்தேன்.

திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போய், புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்ட வருஷம் அது. புத்தூர்ப் பக்கத்து விவசாயி செங்கல்வராயனை அவன் மனைவி கமலம்மா, திருப்பதியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். கண் மஞ்சள், உடம்பு மஞ்சள். சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகியிருந்தது. கணையத்தின் தலையில் கட்டி. பித்தம் இறங்க வழியில்லை. சென்னைக்குப் போங்கள் என்றேன்.

"அது வேற ராஜ்யமா பூடுச்சி டாக்டரய்யா. அங்க எங்கள யாரு கேப்பாங்க? எலும்பு ஒடிஞ்சா கட்டு போட்டுக்க ஊரே எங்க புத்தூருக்கு வருது. வயித்துக்கு நாங்க உங்ககிட்ட வந்துகீறோம்" என்றாள் கமலம்மா.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வயிற்றிலிருந்து எதை எடுத்தாலும் தட்டில் வைத்து வீட்டாருக்குக் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சும்மா கிழித்துத் தைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். கமலம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

"எடுத்தத என் கண்ணுல காட்டணும்."

"காட்டாம எங்கம்மா போயிடுவேன்?" என்று சிரித்தேன். வாய்க்கொழுப்பு.

வயிற்றைத் திறந்ததும் தெம்பு வந்தது. கட்டி பரவவில்லை. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டி வரும். அதன் கிளை ஒன்று கணையத்துக்குள் இறங்கும். அந்தக் கிளையை நூலால் கட்டி அறுத்தால்தான் கட்டி வெளியே வரும். ஆனால் கட்டுவதற்கு முன் அதை இடுக்கியால் அழுத்திவிட்டு, கல்லீரலுக்கு அருகே துடிப்பு நிற்காமல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

உதவி டாக்டர் சந்திரன் இடுக்கியைப் போட்டான். என் விரலுக்கடியில் துடிப்பு நின்றது.

"எடு" என்றேன். எடுத்தான். துடித்தது.

"போடு." நின்றது.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. மேல் விளிம்பில் வர வேண்டிய தமனி அங்கே இல்லவே இல்லை. பின்பக்கமாக விரலை விட்டுத் தடவினேன். குடலின் தமனியிலிருந்து பிரிந்து, கீழிருந்து கட்டிக்குள்ளேயே புகுந்து, அது மேலேறிப் போயிருந்தது. எங்கோ ஒருவனுக்கு இப்படி அமையும் என்று படித்ததுண்டு, கண்டதில்லை. நான் கிளை என்று கட்டப்போனது அவன் கல்லீரலுக்கு இருந்த ஒரே தமனியை.

நர்ஸ் ரத்னம்மா வெள்ளைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். எடுத்தால் தட்டு நிறையும். கல்லீரல் செத்து அவனும் செத்துப்போவான். எடுக்காவிட்டால் கட்டி கொல்லும், ஆனால் மெதுவாக. வாசலிலோ ஒருத்தி தட்டுக்காகக் காத்திருக்கிறாள்.

"தட்டக் கீழ வெச்சிடு ரத்னம்மா" என்றேன். பித்தப்பையைக் குடலோடு சேர்த்துத் தைத்து, பித்தத்துக்கு மாற்று வழி விட்டு, வயிற்றை மூடினேன்.

வெளியே கமலம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள்.

"எங்க டாக்டரய்யா?"

"எடுக்கலம்மா. ஈரலுக்கு ரத்தம் போற வாய்க்கா கட்டிக்குள்ளயே பூந்து போவுது. கட்டிய வெட்டுனா வாய்க்காவும் போயிடும். மஞ்ச எறங்கும், சொறி நிக்கும், சோறு துன்னுவாரு. கட்டி மட்டும் அங்கியே இருக்கும்."

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உசுரு கீதா?"

"இருக்கும்மா."

"அப்ப அதக் காட்டுங்க."

உள்ளே அழைத்துப்போனேன். மயக்கம் தெளியாமல் கிடந்தவனின் மணிக்கட்டில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன். நாடி அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தினி நாளிக்கி?"

"தெரியலம்மா."

தலையை ஆட்டினாள். விரலை எடுக்கவில்லை. எனக்கும் பயம் விட்டபாடில்லை. கட்டிலின் மறுபக்கம் போய் அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.