பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதன்று. கண்ணாடிக் கடையொன்றில் என் கண்ணில் பட்டது. பார்த்திருக்கக் கூடாததைப் பார்த்துவிட்டேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு காட்டில் ஆந்தையொன்று மற்ற விலங்குகளுக்குக் கண்ணாடி பொருத்தி வந்தது. ஒரு நாள் அதற்கே பார்வை—

[வேண்டாம். மனிதரின் தவறுகளை விலங்குகளின் முதுகில் ஏற்றியே பாடம் நடத்திப் பழகியவன் நான். இம்முறை ஆந்தை பிழைத்துப் போகட்டும்.]

2

கடையில் கணவர் கண் பரிசோதிப்பவர். மனைவி விவரங்களைக் கணினியில் பதிபவர். அன்று காலை மனைவி வருவதற்குள், மகள் மிதிவண்டியில் சிரிக்கும் படத்தைத் தம் கைபேசியிலிருந்து கணினியின் முகப்பில் ஏற்றியிருந்தார் அவர். நான் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு அருகே உட்கார்ந்திருந்தேன்.

"அட, பாப்பா! யாருங்க வச்சது?"

"நான்தான்."

"நீங்களா? சார், பாத்தீங்களா, இன்னிக்கு மழைதான்!"

அவள் சிரித்து முடிப்பதற்குள் மகள் மறைந்து, கடற்கரை வந்தது.

"ஏன் மாறுது?" என்றார் அவர்.

"ஒரு படத்த எடுக்காம ஃபோல்டரையே எடுத்துட்டீங்க. உள்ள இருக்கறதெல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணா வரும். வரட்டுமே, நல்லாத்தான இருக்கு!"

அவர் முகம் வெளுத்தது. [ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன்.]

3

மனைவி கண்ணாடிச் சட்டங்களை அடுக்க முன்பக்கம் போனாள். அவர் என் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்தார். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்த அந்தக் கணத்தில் திரை மாறியது.

பார்வைப் பரப்பைச் சோதிக்கும் வரைபடம். வட்டத்தின் வலப்பாதி முழுவதும் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. மேலே வேறொரு மருத்துவமனையின் பெயர். அதன்கீழ் அவருடைய பெயர். அவர் வைத்த வில்லைகளின் வழியாகவே அதைப் படித்தேன்.

"எப்பலேர்ந்து?"

"ஆறு மாசமா, சார். மெதுவாப் பேசுங்க. அவளுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே கடைய மூடிடுவா."

(ஓர் இடைக்குறிப்பு: ஒரு படமா, ஃபோல்டர் முழுவதுமா என்று காலையில் கணினி கேட்டபோது, 'படம்' என்பது வலப்பக்கம் இருந்ததாம். அவர் கண்ணில் அது விழவேயில்லை.)

"இத நிறுத்துங்களேன்!"

"எங்க நிறுத்தணும்னு தெரியல, சார். உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குக் கரும்பலகைதான் தெரியும்.

4

அவரைக் கோழை என்று ஒரு வரைவில் எழுதினேன். ஆனால், ஆறு மாதமாக ஒருவர் தம் பாதிப் பார்வை போனதை மனைவியிடமிருந்து மறைத்துக்கொண்டு வேலை செய்ய எவ்வளவு துணிவு வேண்டும்! அப்படி எழுதி நிமிர்ந்தால், அன்று வாசலருகே காத்திருந்த பேருந்து ஓட்டுநர் நினைவுக்கு வந்தார். அவருக்குக் கண் நன்றாக இருப்பதாகச் சான்றிதழ் வேண்டுமாம்.

"சார், கொஞ்சம் ஸ்க்ரீன மறைச்சு நில்லுங்க," என்றார் கண்ணாடிக்காரர்.

நின்றுவிட்டேன். ஆயுள் முழுவதும் பிள்ளைகளிடம் "மறைக்காதே, தள்ளி நில்" என்றவன்! மனைவி பதிவேட்டோடு வந்தாள்.

"என்ன சார், தூண் மாதிரி நிக்கிறீங்க? நகருங்க, கம்ப்யூட்டர்ல உங்க பவரைப் பதியணும்."

5

இதன்பின் எழுதிய முடிவுகளை அடித்துவிட்டேன். ஒன்றில் படம் தானாக மாறிவிட்டிருந்தது. எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் அவரே, "இங்க வாம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று—

பத்து நிமிடம் ஆயிற்றா என்று எனக்குத் தெரியாது. திரை என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடிக்காரர் கையெடுத்துக் கும்பிடுகிறார். வாசகரே, நீங்கள் ஓட்டுநருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவருக்கு அடுத்து உங்கள் முறை.

சொல்லுங்கள், நகரட்டுமா?