பிரேக் பாடம் நடத்தாத வாத்தியார்

1.

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு, நாக்குத் தள்ள, பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. எழுத்தாளர்கள் இப்படியெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. மழை, ஜன்னல், ஆறிப்போன காபி என்று ஏதாவது சொல்வார்கள். நானும் முயன்றேன்:

மழை ஓய்ந்த ஒரு மாலையில் ஜன்னலோரம் அமர்ந்து, இரு சக்கரங்களின் நிலையாமையைப் பற்றி நான்

[இந்த இடத்தில் என் மனைவி எட்டிப் பார்த்து, "எந்த ஜன்னலு? நம்ம ஜன்னல்லதான் போர்வை காயுதே" என்றாள். வாக்கியம் அங்கேயே படுத்துவிட்டது. அதை எழுப்பவில்லை.]

உண்மை இதுதான். சில வருடங்களுக்கு முன்பு 'இரு சக்கர மெய்ஞ்ஞானம்' என்றொரு கட்டுரை எழுதினேன். சைக்கிள் ஒரு வாகனம் அல்ல, அது ஒரு மனநிலை என்பது அதன் சாரம். காரின் பின்சீட்டில் சாய்ந்தபடி யோசித்தது. பலர் பாராட்டினார்கள். ஒருவர் படித்தார். அந்த ஒருவரும் தலைப்பை மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் ஓர் அறக்கட்டளையின் தலைவர். நிறுவனர், புரவலர் என்று இன்னும் இரண்டு பதவிகளும் அதே அறக்கட்டளையில் அவருக்கே உண்டு. போனில் கூப்பிட்டார்.

"ஐயா, பெரியவங்களுக்கு சைக்கிள் வகுப்பு நடத்துறோம். வர்ற கட்டணம் பூராவும் முதியோர் இல்லத்துக்கு சக்கர நாற்காலி வாங்க. சைக்கிளைப் பத்தி உங்களை விட்டா யாருக்குங்க தெரியும்?"

"பொருத்தமான ஏற்பாடுதான்" என்றாள் மனைவி. "உங்ககிட்ட படிக்கிறவங்களுக்கே அந்த நாற்காலி தேவைப்படும்."

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று தலைவர் கேட்கவில்லை. தெரியும். ஏறத் தெரியும், போகத் தெரியும். இறங்குவதற்கு மட்டும் ஒரு தூண் வேண்டும். நேராகப் போய் அதைக் கட்டிக்கொள்வேன்.*

* என் கதைகளைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆரம்பம் அமர்க்களமாக இருக்கும், முடிவில் ஏதாவது ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நிற்கும். விமர்சகர்கள் அதைப் 'படிமம்' என்பார்கள்.

2.

கதாநாயகி, என் வகுப்பு மாணவி. எல்லாரும் அவரை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுப்பது அவருக்குத் தொழில்.

[அவரா, அவளா? கதாநாயகியானதும் ஒரு பெண்ணுக்கு மரியாதை குறைந்துவிடுவது நம் இலக்கிய வழக்கம். நான் 'அவர்' என்றே எழுதுகிறேன். அவர் கையில் ஊசி இருக்கிறது.]

முதல் வரைவில் அவருக்கு ஒரு துயரம் வைத்தேன். சிறப்பிதழ்களுக்குத் துயரம் இல்லாத கதாநாயகியை அனுப்பினால் கவர் பிரிக்கப்படாமலே திரும்பும். இப்படி எழுதியிருந்தேன்: 'வாழ்க்கை அவரைக் கீழே தள்ளியிருந்தது. கண்ணீர் மல்கும் விழிகளுடன் அந்தச் சைக்கிளை'

வகுப்பு இடைவேளையில் இதை அவருக்கே படித்துக் காட்டினேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறிவிட்டது.

"நான் எங்க சார் அழுதேன்?"

"இது கற்பனைம்மா."

"என்னைக் கீழ தள்ளினது வாழ்க்கையா? நீங்கதானே சார் போன வாரம் தள்ளினீங்க!"

துயரத்தை எடுத்துவிட்டேன். அது இல்லாமலும் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது, கண்ணீரைவிடப் பெரியது. புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. காலையில் வீடு வீடாகப் போய் மாதிரி எடுத்து வர வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

"நல்லாத் தெரியும்னு சொல்லிட்டேன் சார்."

"எப்ப சேரணும்?"

"உங்க வகுப்பு முடியுற ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள்."

3.

சைக்கிளைத் தொட்ட முதல் நாளே அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்.

"சார், விடுறப்ப சொல்லிட்டு விடுங்க."

"சொன்னா விழுந்துடுவீங்கம்மா. சொல்லாம விட்டாத்தான் ஓட்ட வரும். உலகம் பூரா அப்படித்தான்."

"எங்கண்ணனும் அப்படித்தான் சொன்னான். சின்ன வயசுல, பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு கத்திக்கிட்டே வந்தான். திரும்பிப் பாத்தா எங்கேயோ தூரத்துல நின்னு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பாத்துக்கிட்டே போய் சாக்கடைல விழுந்தேன். அன்னைக்கு இறங்கினவதான். எனக்கு சாக்கடைகூட மறந்துடுச்சு சார். அந்தச் சிரிப்பு மறக்கல."

மற்றவர்கள் ஊசி போடும்போது, அதோ காக்கா பாரு என்று பராக்குக் காட்டிவிட்டுக் குத்துவார்கள். இவர் அதைச் செய்வதே இல்லையாம். குழந்தையாக இருந்தாலும், கிழவராக இருந்தாலும், கண்ணைப் பார்த்து, "பயப்படாதீங்க, இப்ப குத்தப்போறேன், கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவாராம்.

"அப்ப முதலாளிகிட்ட மட்டும் சைக்கிள் தெரியும்னு புளுகினது?"

"அதுல அவருக்கு எங்க சார் வலிக்குது?"

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அந்த நிமிடமே என் கதையின் உச்சக்கட்டம் கைநழுவிப் போனது. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சைக்கிள் கற்றுக்கொள்ளும் கதை என்றால் உச்சக்கட்டம் ஒன்றே ஒன்றுதான். பிடித்திருப்பவர் சத்தமில்லாமல் விடுவார், ஓட்டுபவர் தெரியாமலே பறப்பார், வாசகர் மூக்கை உறிஞ்சுவார். அதைத்தான் இந்தம்மா சட்டப்படி தடை செய்துவிட்டார்.

4.

என் பாடத்திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. [ஒரு வார்த்தை என்று ஆரம்பிக்கும் எவரையும் நம்பாதீர்கள்.]

முதல் வகுப்பு, சமநிலை என்னும் கருத்தாக்கம். யாரும் சைக்கிளைத் தொடவில்லை. அடுத்தது, சக்கரமும் காலமும். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் கை தூக்கி, "சார், இன்னைக்காவது ஏறுவோமா, இல்ல மூட்டு வலிக்கு மருந்து போடணும், வீட்டுக்குப் போகட்டுமா?" என்று கேட்டார். சைக்கிள் மணிக்கென்று ஒரு முழு வகுப்பு. மணி என்பது சைக்கிளின் மொழி, அதை அதட்டலாகவும் அடிக்கலாம், கெஞ்சலாகவும் அடிக்கலாம் என்று விளக்கினேன். எல்லாரும் அடித்துப் பழகினார்கள். சமுதாயக் கூடத்தின் கார் நிறுத்துமிடம் முழுக்க ஒரே கிணுகிணுப்பு. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பிரேக்குக்கு வகுப்பு இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல, தோன்றவே இல்லை. யாருமே என் கைக்கு எட்டாத தூரம் போனதில்லையே. நிற்க வேண்டுமென்றால் நான் கேரியரை இழுப்பேன், வண்டி நிற்கும். பிரேக் நான்தான். சீட்டையும் என் உயரத்துக்கே ஏற்றி வைத்திருந்தேன். கால் எட்டவில்லை என்று யாரும் புகார் சொல்லவில்லை. நான் பிடித்திருக்கும்போது கால் எதற்கு எட்ட வேண்டும்?

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் தேவைப்படும். நல்ல எழுத்தாளன் இதை ஒளித்துவைப்பான். நான்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செய்வதாகச் சத்தியம் செய்துவிட்டேனே.

5.

வகுப்பின் கடைசி வாரம், மேடைக்குப் பின்னால் பேனர் கட்டினார்கள். நிறைவு விழா. பேனரில் ஒரு சைக்கிள் இருந்தது, தேடினால் தெரியும். மிச்ச இடமெல்லாம் தலைவரின் முகம்.

ஊசியக்கா பேனரைப் பார்த்தார். சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தார். கேரியரைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"சார். இது யாரு?"

"நம்ம தலைவர்."

"இவருதான் சார் எங்க முதலாளி!"

பரிசோதனை நிலையத்துக்கும் அவர்தான் நிறுவனர், இங்கேயும் அவர்தான் நிறுவனர். ஒரே மனிதர் இத்தனை இடத்தில் நிறுவினால் கதாசிரியன் என்ன செய்வான்? [இதை 'நம்ப முடியாத தற்செயல்' என்று சிறப்பிதழ் ஆசிரியர் ஓரத்தில் எழுதுவார். அவர் ஊர்ப்பக்கம் வந்து பேனர்களைப் பார்க்கட்டும்.]

"ஞாயித்துக்கிழமை வராதீங்கம்மா" என்றேன்.

"வராம? இன்னும் தனியா ஒரு அடிகூட ஓட்டலையே. அன்னைக்கு விட்டா சைக்கிளை எல்லாம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. திங்கக்கிழமை நான் எதுல போறது? உங்க கட்டுரையிலயா?"

விழா மாலையில்தான். காலையில் வந்து பழகிவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

6.

ஞாயிறு காலை. அவர் மிதிக்க, நான் கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓட, கூடத்தைச் சுற்றியுள்ள கார் நிறுத்துமிடத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். கார் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் வேட்டிக் கரை தெரிந்தது, பிறகு வயிறு, கொஞ்சம் கழித்துத் தலைவர். காலை வெளிச்சத்தில் படம் நன்றாக வரும் என்று போட்டோகிராபர் சொன்னாராம்.

அவர் எங்களைப் பார்ப்பதற்குள் நாங்கள் கூடத்தின் பின்பக்கம் திரும்பிவிட்டோம். இன்னும் ஒரு வளைவு, அதற்கப்புறம் அவர் கண்ணில் படுவோம். நான் பிடித்திருந்தால் ஊசியக்கா மாணவி. வேலை போச்சு.

"சார், விடுங்க."

"அம்மா, இன்னும் நீங்க..."

"விடுங்க சார்!"

"சொல்லிட்டுத்தான் விடுவேன்னு சத்தியம்..."

"அப்பச் சொல்லித் தொலைங்க!"

"விடறேன்!" என்று கூடமே அதிரக் கத்தினேன். விட்டேன்.

அவர் விழவில்லை.

[இந்த வரிக்குப் பிறகு அரைப் பக்கத்துக்கு ஓர் உவமை வைத்திருந்தேன், பறவைகள் சம்பந்தப்பட்டது. மனைவி அடித்துவிட்டாள். "அவளே நல்லாத்தானே போறா, குறுக்க எதுக்குப் பறவை?"]

தலைவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் ஓடிவந்த என்னிடம் கேட்டார். "அட, நம்ம லேபுக்கு வர்ற பொண்ணு! நல்லா ஓட்டுவேன்னு சொல்லுச்சு, பாத்தீங்களா? ஆமா, இங்க என்ன பண்ணுது?"

"உதவி ஆசிரியை" என்றேன். என் வாயிலிருந்து இதுவரை வந்த புனைவுகளில் சிறந்தது அதுதான்.

தலைவருக்குக் கண் கலங்கியது. மைக்கைக் கேட்டு வாங்கினார். "சக்கரம் என்பது என்ன? அது சுழல்வது!" என்று ஆரம்பித்தார். போட்டோகிராபர் அவரைத் தூணுக்கு முன்னால் நிறுத்தினார். அந்த வளாகத்தில் இருக்கும் ஒரே தூண்.

ஊசியக்கா ஒரு சுற்று முடித்து என்னைக் கடந்தார்.

"சார், நிறுத்துறது எப்படி?"

பிரேக்குக்கு வகுப்பே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த சுற்று வந்தது.

"பிரேக்கைப் பிடிங்க!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்கடுத்த சுற்று. "எது சார் பிரேக்கு?"

"கைக்குக் கீழ! ஆனா பிடிச்சதும் காலை ஊனணும்!"

இன்னொரு சுற்று. "கால் எட்டலையே!"

"நீங்க எப்படி சார் இறங்குவீங்க?" என்று மறு சுற்றில் கேட்டார்.

நான் தூணைக் காட்டினேன். தூணுக்கு முன்னால் தலைவர் இருந்தார்.

ஊசியக்காவுக்கு நான் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். மணியை அடித்தார். கெஞ்சலாக அடித்தார், அதட்டலாக அடித்தார். தலைவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் கும்பிட்டார்.

"போதும்மா, இறங்கி வா! வந்து மைக்ல நாலு வார்த்தை பேசு!"

7.

முடிவுகள். கைவசம் சில இருக்கின்றன.

அ) வாசலைத் தாண்டி, வெயிலை நோக்கி, சுதந்திரமாக அவர் [தலைவருக்குப் பிடிக்கும். ஆனால் வாசலில் மெயின் ரோடு.]

ஆ) விழுகிறார், அழுகிறார், உண்மையைச் சொல்கிறார், தலைவர் மன்னிக்கிறார். சிறப்பிதழுக்குப் பொருந்தும். ஊசியக்கா அழமாட்டார் என்பதுதான் இடைஞ்சல்.

இ) மனைவியின் முடிவு: "நீங்க ஓடிப்போய்க் கேரியரைப் பிடிங்க, அவ்வளவுதான். இதுக்கு எதுக்குக் கதை?" பிடித்தால் அவர் மாணவி என்று தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் விழுவார். விழுந்தாலும் தெரிந்துவிடும்.

கவனித்தீர்களா? சுற்றிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவருக்கு ஓட்டத் தெரியும், திங்கட்கிழமை வேலை உண்டு. நின்ற கணத்தில் எல்லாம் போய்விடலாம். நான் முற்றுப்புள்ளி வைத்தால் அவர் நின்றாக வேண்டும். அதனால்தான் பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளன் கடவுள் என்று மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். அந்தக் கடவுள் இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார்.

8.

இதோ மறுபடி வருகிறார். முகத்தில் பயம் இல்லை. இந்தச் சுற்றில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே கடந்து போகிறார். வளைகிறார். வட்டத்தை விட்டு விலகி நேராக, தூணை நோக்கி. அதாவது தலைவரை நோக்கி. தலைவர் கும்பிடுவதற்குக் கையைத் தூக்குகிறார்.

ஊசியக்கா அவர் கண்ணைப் பார்த்து, தொழில் குரலில், தெளிவாகச் சொல்கிறார்:

"சார், பயப்படாதீங்க. இப்ப ஒண்ணு சொல்லப்போறேன். கொஞ்சம் வலிக்கும்."

என்ன சொல்லப்போகிறார், அதற்குள் மோதப்போகிறாரா, மோதினால் யாருக்கு வலிக்கும்? எனக்குத் தெரியாது. தூணுக்கு இந்தப் பக்கம், வாசகரே, நீங்கள்தான் நிற்கிறீர்கள். கையை நீட்டுவதா, ஒதுங்கி வழிவிடுவதா, அது உங்கள் பாடு. ஆரம்பத்திலிருந்து இந்தக் கதையின் கேரியரைப் பிடித்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே ஓடிவந்ததில் எனக்கும் மூச்சு வாங்குகிறது. நான் அந்த அண்ணன் மாதிரி ஆள் இல்லை. சிரிக்க மாட்டேன். சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.

விடறேன்