ஸ்மூத்திங் ஐந்து

1.

இந்தக் கதை என் ரத்தத்தில் பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, இடது கையில் ஊசி குத்தி எடுத்த மூன்று மில்லி. எடுத்தவள் என் அக்கா. ரத்தத்திலுள்ள புரதங்களைப் பிரித்து, கணினியில் கோடாக வரைந்து பார்ப்பது அவள் வேலை. முதுகுவலி மூன்று மாதமாக விடவில்லை என்று நான் புலம்பியதால் பரிசோதனைக்கூடத்துக்கு இழுத்துப்போனாள்.

2.

முதல் தொடக்கம்: "திரையில் ஒரு மலைத்தொடர் எழுந்து..." [வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள்.]

அடுத்தது: அக்கா கோட்டைப் பார்த்தாள். முதலில் உயரமான மேடு, பிறகு சின்ன மேடுகள், கடைசியில் அகலமாகச் சரியும் ஒன்று. எல்லாருக்கும் அப்படித்தான். தம்பியின் கடைசி மேட்டில் மட்டும் ஆணி அடித்தாற்போல் ஒரு முனை நின்றது. அந்த முனை வந்தால் எலும்பு மஜ்ஜையில் புற்றா என்று பார்க்கச் சொல்வார்கள். மென்பொருளில் ஸ்மூத்திங் என்றொரு வசதி உண்டு, கோட்டின் நடுக்கத்தைத் தணிக்க. இரண்டில் இருந்ததை மூன்றாக்கினாள். முனை குட்டையானது. ஐந்தில் காணாமலே போனது.

[வழக்கமாகச் செய்வதா, பயத்தில் செய்தாளா? என் கதாபாத்திரத்தை இங்கே நான் நம்பவில்லை.]

3.

நான் அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றேன். திரும்பியவள் திடுக்கிட்டாள்.

"எப்ப வந்த?"

"இப்பதான். என்னக்கா இருக்கு?"

"ஒண்ணுமில்லடா. கோடு நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் இன்னொரு தடவ ரத்தம் எடுத்துக்கலாம்."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மூக்கு நுனி வியர்க்கும். வியர்த்திருந்தது.

4.

முடிவு அ: இரண்டாம் ரத்தத்தில் முனை இல்லை. இருவரும் சிரிக்கிறோம். [மூன்று முறை இப்படித்தான் எழுதினேன். ஒவ்வொரு முறையும் அந்த ஆணியைக் கொஞ்சம் குட்டையாக்கியிருக்கிறேன். அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.]

முடிவு ஆ: டாக்டர் நாற்காலியை எனக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, [இதற்குமேல் கை ஓடவில்லை. பயமாக இருக்கிறது.]

5.

இதை எழுதும்போதே போன் அடித்தது. அக்காதான்.

"ரெண்டாவது ரிசல்ட் வந்திருச்சு. இன்னும் தொறக்கல." பிறகு கேட்டாள்: "அன்னைக்கு நீ பாத்துட்டேன்னு தெரியும்டா. நீயே சொல்லு, எத்தனைல வச்சுத் தொறக்கட்டும்?"

இரண்டு என்று சொல்ல வேண்டும். வாசகரே, நீங்களாவது ஓர் எண் சொல்லுங்கள். அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.